குழாய் ஒழுகல், குறியீடு மூன்று

குறைப்பாளர் என்றொரு இனம் உண்டு. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே போவது இதன் பழக்கம். தான் மட்டும் எண்ணிக்கையில் குறைவதே இல்லை என்பது இதன் சிறப்பு. இதைக் காண நீங்கள் எங்கும் பயணம் போக வேண்டாம். பக்கத்து நாற்காலியில் இருக்கும். பேருந்தில் உங்கள் தோளுக்கு மேலாக எட்டி உங்கள் செய்தித்தாளைப் படித்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வழக்கமானதுதான்" என்று உங்களுக்கே செய்தி சொல்லும். இரண்டரை மணி நேரம் கண்கலங்கப் பார்த்துவிட்டு வந்த நாடகத்தைப் பற்றி நீங்கள் வாயைத் திறந்தால், "கடைசியில சேர்ந்துடுறாங்க, அதானே" என்று கேட்கும். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் அதன் மாமாவுக்கு வந்த காய்ச்சலைச் சொல்லும்; மாமாவுடையது பெரிதென்று காட்டுவதற்காக அல்ல, உங்களுடையது சிறிதென்று காட்டுவதற்காக.

குரலை வைத்தும் இதை அடையாளம் காணலாம். "அதாவது", "சுருக்கமாச் சொன்னா", "அவ்வளவுதான்". முதல் சொல்லால் உங்கள் பேச்சை நிறுத்தும். இரண்டாவதால் அதைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். மூன்றாவதால் மண் போட்டு மூடிவிடும்.

இதில் படித்த ரகம் ஒன்று உண்டு. அன்பு என்பது ஏதோ ஒரு சுரப்பி. இசை என்பது காற்றின் நடுக்கம். கண்ணீர் என்பது உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் கடலைப் பார்த்து யாரும் ஆறுதல் சொல்லப் போவதில்லையே. ஒரு பொருள் எதனால் ஆனது என்று சொல்லிவிட்டால் அது என்ன என்று சொல்லியாகிவிட்டதாக இந்த ரகம் நம்புகிறது. இந்த நம்பிக்கை தவறென்று நிறுவத் தடித்த புத்தகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. குறைப்பாளர் அவற்றின் பின்னட்டையைப் படித்திருக்கிறார்.

நான் இங்கே காட்டப்போகும் மாதிரி அவ்வளவு படித்தவர் அல்ல. நீர் வழங்கல் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், புகார்ப் பிரிவின் தலைவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பாதி சார். தேநீர் கொண்டுவந்தால் பாதிக் கோப்பை போதும் என்பார். மின்விசிறி பாதி வேகத்தில்தான் சுற்ற வேண்டும். எதிரே வருபவர் வணக்கம் சொன்னால் பாதித் தலையாட்டல். பிஸ்கட்டை உடைத்து, ஒரு துண்டைத் தட்டிலேயே திருப்பி வைப்பார். அந்தத் துண்டை அப்புறம் யாரும் தொடுவதில்லை என்பதால் மொத்தத்தில் ஒரு பிஸ்கட் செலவாகிறது என்பது அவர் கணக்கில் வராது.

அவருக்கு மிகவும் பிடித்த சொல் ஓர் ஆங்கிலச் சொல். ரெட்யூஸ். தொலைக்காட்சிச் சத்தத்தை ரெட்யூஸ் பண்ணு. வயிற்றை ரெட்யூஸ் பண்ணணும். அந்தப் பிரிவுல ஏழு பேர் எதுக்கு, மூணா ரெட்யூஸ் பண்ணலாம். கடைக்காரரிடம் விலை, ஓட்டுநரிடம் வேகம், மனைவியிடம் எண்ணெய், மேலதிகாரியிடம் எதிர்பார்ப்பு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சாவி. பாவம், அந்தச் சொல்லுக்கு வேறு பிழைப்பும் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. சமையல்காரர் ஒரு சாற்றைச் சுண்ட வைக்கும்போது அதையே சொல்கிறார். அளவு குறைகிறது, ருசி முழுவதும் சட்டியிலேயே இருக்கிறது. வேதியியல்காரர் சொல்லும்போது குறைக்கப்பட்ட பொருள் உண்மையில் எலக்ட்ரானைப் பெற்றுக்கொள்கிறது. எலும்பு மருத்துவர் சொல்லும்போது, நழுவிய மூட்டு தன் குழிக்குள் திரும்பிப் போய் உட்காருகிறது. யோசித்துப் பார்த்தால், அறிந்தவர்கள் கையில் அந்தச் சொல் எதையும் தொலைப்பதில்லை. தொலைப்பதற்கு நம்மைப் போன்றவர்கள் தேவைப்படுகிறோம்.

பாதி சாரின் வேலை என்ன? மக்கள் எழுதும் புகார்க் கடிதங்களைப் படித்து, ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஒரே வரியாக எழுதி, ஐந்து குறியீடுகளில் ஒன்றைக் கொடுத்து, ஃபிட்டருக்குச் சீட்டு எழுதுவது. ஒன்று, தண்ணீர் வரவில்லை. இரண்டு, குறைவாக வருகிறது. மூன்று, ஒழுகல். நான்கு, கலங்கல். ஐந்து, அடைப்பு. இந்த ஐந்துக்குள் அடங்காத துயரம் குடிமக்களுக்கு இருக்க நியாயமில்லை என்பது அவர் வகுத்தது. முன்பு இருபத்திரண்டு குறியீடுகள் இருந்தன.

கடிதம் படிப்பதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதல் பத்தி மரியாதை. இரண்டாம் பத்தி சுயபுராணம். கடைசிப் பக்கம் நன்றியும் மிரட்டலும். ஆகவே மூன்றாம் பத்தியிலிருந்து தொடங்கி, குழாய் என்றோ தண்ணீர் என்றோ கண்ணில் பட்டதும் நிறுத்திவிட வேண்டும். கடிதம் ஒன்றுக்கு நாற்பது விநாடி. அனுப்பியவர் பெயரையும் முகவரியையும் தபால் பிரிக்கும் அம்மா முன்கூட்டியே சீட்டின் மறுபக்கத்தில் எழுதிவிடுவார், அது ஃபிட்டருக்கு. பாதி சாருக்குப் பெயர் தேவையில்லை. பெயர் தெரிந்தால் வேகம் குறையும்.

ஒருமுறை, மனைவியை இழந்த முதியவர் ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருந்தார். குளியலறைக் குழாயை முழுதாக மூட அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியுமாம். கால் சுற்று அதிகம் திருப்பி, கொஞ்சம் பின்னால் விட்டு, மறுபடி திருப்ப வேண்டும். எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தும் தான் கற்றுக்கொள்ளவில்லை, இப்போது அது சொட்டிக்கொண்டே இருக்கிறது, கேட்கும்போதெல்லாம் உள்ளே அவள் கை கழுவுகிறாள் என்று நினைத்து எழுந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். பாதி சார் எழுதினார்: குளியலறைக் குழாய் ஒழுகல். மூன்று.

பிழை ஒன்றுமில்லை. அதுதான் இதிலுள்ள சங்கடம். குறைப்பாளர் பொய் சொல்வதே கிடையாது.

அவருக்கு இதற்காகப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அவர் வந்தபின் புகார்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. குறைகள் குறைந்ததாகத் தகவல் இல்லை. பதிவேட்டில் ஏறிய கடிதங்களை மூன்று வருடம் வைத்திருக்கும் வழக்கத்தையும் மூன்று நாளாகக் குறைத்து, தாளை நூல் நூலாகக் கிழிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி அறையின் மூலையில் வைத்தார். வாழ்க்கையில் ஒன்றே ஒன்றைத்தான் அவர் கூட்டச் சொல்லியிருக்கிறார்: தபால் பிரிக்கும் அம்மாவின் வேகத்தை. அந்த அம்மா, யாரும் சொல்லாமலேயே, எல்லாக் கடிதங்களையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் மேசைக்கு அனுப்புவார். "இதுல என்னம்மா இருக்கு படிக்க?" என்று கேட்டதற்கு, "எழுதியிருக்காங்களே சார்" என்று பதில் சொன்னவர்.

இனி வீட்டுக்குப் போவோம்.

பாதி சாரின் மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியை. தெருவில் எல்லோருக்கும் டீச்சர். நமக்கும் அப்படியே இருக்கட்டும். எட்டு மாதமாக டீச்சரின் வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. ஆகையால் கரும்பலகையில் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினார். கடைசி வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று எழுதிக்கொண்டார்கள். "மேல எழுதுங்களேன் டீச்சர்" என்று கேட்டவர்களிடம், "மேல் பாதி அடுத்த வருஷத்துக்கு" என்று சொல்லிவைத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பாருங்க டீச்சர். சரியாகலன்னா உங்களுக்கு ஆபீஸ்ல உட்கார்ந்து பண்ற வேலை தர்றேன். வகுப்புக்கு வேற ஆள் போட்டுக்கலாம்" என்றார். இருபத்திரண்டு வருடம் வகுப்பில் நின்றவரிடம் சொல்லக்கூடிய கருணையான வாக்கியம்தான். ஆனால் அன்று டீச்சர் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனார்.

முதலில் பார்த்த மருத்துவரிடம் பாதி சாரும் கூட வந்திருந்தார்.

"எத்தனை நாளா வலி?" என்று மருத்துவர் டீச்சரைக் கேட்டார்.

"எட்டு மாசமா டாக்டர். முதல்ல கையைப் பின்னால கொண்டு போனா மட்டும்..."

"அதாவது, கை வலி," என்றார் பாதி சார்.

"எந்த நேரத்துல அதிகமா இருக்கு?"

"காலையில எழுந்ததும் தலை வாரும்போது..."

"பலகையில எழுதுறாங்க இல்லையா டாக்டர், அதான். அவ்வளவுதான்."

மருத்துவரும் அதே இனம். ஒரு தைலம் எழுதிக்கொடுத்தார். வெளியே வந்ததும் பாதி சார் கடிகாரத்தைப் பார்த்து, "பாத்தியா, மூணு நிமிஷத்துல முடிச்சாச்சு" என்றார்.

இரண்டாவது மருத்துவரிடம் டீச்சர் தனியாகவே போனார். அவர் கையை மெல்லப் பிடித்து நான்கு பக்கமும் அசைத்துப் பார்த்துவிட்டு, தோள் மூட்டு இறுகிப்போய்விட்டது, மயக்கம் கொடுத்துத்தான் அதை விடுவிக்க வேண்டும் என்றார். நாளும் குறித்தார்: அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த வார வியாழக்கிழமை, காலை பத்து மணி. வீட்டிலிருந்து ஒருவர் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதன்பின் ஆறு வாரம், தினம் இரண்டு வேளை, அந்தக் கையை யாராவது பிடித்து மேலே தூக்கிவிட வேண்டும். விட்டால் மறுபடி இறுகிவிடும்.

உடன் வர ஆளா இல்லை? உடற்பயிற்சி ஆசிரியை தானே வருவதாகச் சொன்னார். டீச்சர் மறுத்துவிட்டார். கையெழுத்து யாரும் போடலாம். ஆறு வாரம் கையைப் பிடிக்கப்போவது வீட்டில் இருப்பவர் அல்லவா? இவ்வளவு தூரம்தான் தூக்கலாம், இங்கே வலிக்கிறது என்று சொல்லும்போது காது கொடுக்காதவரிடம் கையை எப்படிக் கொடுப்பது?

ஆகவே நான்கு முறை சொல்லிப் பார்த்தார்.

"வேற டாக்டர்கிட்ட போயிருந்தேங்க. அவர் என்ன சொல்றார்னா..."

"அதாவது தைலம் கேக்கல. வேற தைலம் வாங்கிக்கலாம்."

மறுநாள்: "தோள் இறுகிப் போச்சாம்."

"வயசாகுதில்ல. அவ்வளவுதான்."

அதற்கு மறுநாள்: "அடுத்த வாரம் விட்டு அதுக்கடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு..."

"வியாழக்கிழமை எனக்கு மீட்டிங். எதுவா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்."

ஞாயிறும் வந்தது. பாதி சார் உணவு மேசையில் அமர்ந்து, டீச்சர் எழுதிவைத்த கடைச் சீட்டில் பாதிப் பொருள்களை அடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் பேசணும்."

"சுருக்கமாச் சொல்லு."

டீச்சர் சொன்னார்: "நான் தினம் பிள்ளைங்களுக்குச் சுருக்கத்தான் சொல்லிக்கொடுக்கறேன். எட்டுல ஆறை நாலுல மூணுன்னு சுருக்கினா மதிப்பு மாறாது. நீங்க சுருக்கினா மதிப்புதாங்க முதல்ல போகுது."

"அதாவது, கணக்கு," என்றார் பாதி சார், சர்க்கரையை அடித்தபடி.

வீட்டில் முடியாதபோது டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. நீங்களோ நானோ யோசித்திருக்க மாட்டோம். கணவர் சம்பளம் வாங்கிக்கொண்டு பிறர் சொல்வதைப் படிக்கும் இடம் ஒன்று ஊரில் இருக்கிறது. அங்கே எழுதினால்? அன்று பிற்பகலே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினார். "மதிப்பிற்குரிய ஐயா, வரும் கடிதங்களைப் படிக்கும் பொறுப்பில் தாங்கள் இருப்பதாக அறிகிறேன்" என்று தொடங்கினார். பலகை, கடைசி வரிசை, தலைமையாசிரியை, தைலம், வியாழக்கிழமை, ஆறு வாரம், எல்லாம் எழுதினார். நீர் வழங்கல் அலுவலகத்துக்குத் தோளைப் பற்றி மட்டும் எழுதினால் வாங்க மாட்டார்களே என்று நியாயமாக யோசித்து, மூன்றாம் பத்தியில் இதையும் சேர்த்தார்: "எங்கள் சமையலறைக் குழாய் இரண்டு மாதமாக ஒழுகுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறேன். நிறைந்ததும் இடது கையால் தூக்கிக் கொட்டுகிறேன்."

மூன்றாம் பத்தியில். உள்ளதைச் சொன்னால், அந்த ஒரு தவறு டீச்சருடையது.

புதன்கிழமை கடிதம் பாதி சாரின் மேசைக்கு வந்தது. கையெழுத்து நன்றாக இருப்பதைக் கவனித்தார். எங்கோ பார்த்ததுபோலவும் இருந்தது. பதினெட்டு வருடத்தில் அந்தக் கையெழுத்தை அவர் கடைச் சீட்டுகளில்தான் பார்த்திருக்கிறார், அதுவும் பாதியின்மேல் கோடு போட்டபடி. எதற்காக இடது கையால் தூக்குகிறார் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஐந்து குறியீடுகளில் கை எதுவும் இல்லை. எழுதினார்: சமையலறைக் குழாய் ஒழுகல். மூன்று. முப்பத்தெட்டு விநாடி. சனிக்கிழமை, மூன்று நாள் கெடு முடிந்து, நான்கு பக்கமும் மூலை இயந்திரத்துக்குள் போய் நூலாக வெளியே வந்தன.

செவ்வாய் மாலை வாசலில் மணி அடித்தது. பாதி சார் கதவைத் திறந்தார். தோளில் பையோடு ஃபிட்டர் நின்றுகொண்டிருந்தார்.

"சார், நீங்களா? உங்க வீடா இது?"

"என்னப்பா?"

"சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு சீட்டு."

"நாங்க புகார் எதுவும் குடுக்கலையே."

"உங்க கையெழுத்துதான் சார் இருக்கு," என்று ஃபிட்டர் சீட்டை நீட்டினார்.

இருந்தது. மறுபக்கத்தைத் திருப்பினார். டீச்சரின் பெயர் இருந்தது. வீட்டு எண் இருந்தது. பாதி சார் அந்தச் சீட்டை, முதல் முறையாக, நாற்பது விநாடிக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபிட்டர் பத்து நிமிடத்தில் வாஷரை மாற்றிவிட்டு, கை துடைத்துக்கொண்டு, "புகார் தீர்ந்ததுன்னு ஒரு கையெழுத்து வேணும் அம்மா. தீர்ந்துச்சு இல்ல?" என்று கேட்டார்.

"குழாய் தீர்ந்துச்சு," என்று சொல்லிக் கையெழுத்திட்டார் டீச்சர்.

ஃபிட்டர் போனதும் பாதி சார் குழாயைப் பார்த்தார். சொட்டுகூட இல்லை.

"எங்க ஆபீஸுக்கு எதுக்கு எழுதின?"

"அங்கன்னா நீங்க படிப்பீங்கன்னு நினைச்சேன்."

"படிச்சேனே."

"என்ன இருந்துச்சு?"

"குழாய் ஒழுகுதுன்னு."

"அப்புறம்?"

பாதி சார் யோசித்தார். அவர் நினைவில் முப்பத்தெட்டு விநாடி இருந்தது. அதில் முப்பது விநாடி சீட்டு எழுதியது. "வேற என்ன எழுதியிருந்த?" என்று கேட்டார்.

டீச்சர் காலி வாளியைக் குழாய்க்கு அடியிலிருந்து எடுத்து ஓரமாகக் கவிழ்த்தார். "அவ்வளவுதான்" என்றார். பிறகு கூடத்துக்குப் போய் விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சொல்லைப் பாதி சார் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார்? தன்னிடம் வேறொருவர் சொல்லிக் கேட்டதில்லை. அதற்குப்பின் எந்தப் பக்கமும் கதவு இல்லை என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை அலுவலகத்தில் முதல் வேலையாகத் தபால் பிரிக்கும் அம்மாவின் மேசைக்கு வந்தார். "போன புதன்கிழமை ஒரு லெட்டர் வந்துச்சே, குழாய் ஒழுகல், நாலு பக்கம். அது எங்கம்மா?"

"மூலையில சார்," என்று அந்த அம்மா கையைக் காட்டினார். இயந்திரத்தின் கீழே பெரிய பை நிறைய நூல். "மூணு நாள்தானே சார் வைக்கச் சொன்னீங்க."

பாதி சார் அந்தப் பையைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு பிடி எடுத்தார். ஒரு நூலில் 'தூக்க' என்று இருந்தது. மற்றொன்றில் 'பத்து ம' என்று இருந்தது. மீதியெல்லாம் கோடுகள். குறைப்பின் உச்சியில் நின்று பார்த்தால் தெரியும் காட்சி இதுதான்.

"நீங்க அதைப் படிச்சீங்களா?"

"அந்த டீச்சரம்மா லெட்டர்தானே? ரெண்டு தடவை படிச்சேன் சார்."

"என்ன இருந்துச்சு? சுருக்கமாச் சொல்லுங்க."

"சுருக்கமாவா?" அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். "குழாய் ஒழுகல் சார். குறியீடு மூணு."

அதில் கிண்டல் இருந்ததா என்று பாதி சார் அவர் முகத்தைப் பார்த்தார். இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். பாதி சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில், "முழுசாச் சொல்லுங்கம்மா" என்றார்.

நாற்பது நிமிடம் ஆனது. அந்த அம்மா முதல் பத்தியின் மரியாதையிலிருந்து தொடங்கினார். எழுந்து நிற்கும் கடைசி வரிசைப் பிள்ளைகள் வந்தார்கள். மேல் பாதி அடுத்த வருஷத்துக்கு என்ற வேடிக்கை வந்தது. அந்த அம்மா சிரித்தார், பாதி சார் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை வந்தார், மாதக் கடைசி வந்தது. "இதுல ஒருத்தர் வர்றார் சார், வீட்டுக்காரர். அந்த மனுஷன் வாயைத் திறக்கவே விட மாட்டேங்கறார் போலிருக்கு" என்று ஒரு இடத்தில் சொல்லி உச்சுக்கொட்டினார். நடுவில் தன் மைத்துனருக்கும் இப்படித்தான் தோள் பிடித்துக்கொண்டது என்று அந்தக் கதையை எட்டு நிமிடம் சொன்னார். பாதி சாரின் உதடுகள் இரண்டு முறை "அதா" என்று பிரிந்தன. அந்த அம்மா மரியாதையாக நிறுத்திக் காத்திருந்தார். இரண்டு முறையும் அவர் வாயை மூடிக்கொண்டார்.

"நாளைக்குத்தான் சார் அந்த வியாழக்கிழமை. பத்து மணி. வீட்டுக்காரர் வருவாரான்னு தெரியல, பாவம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்?"

"தெரிஞ்சவங்கதான்" என்றார் பாதி சார். எழுந்து இரண்டடி நடந்தவர் நின்று, "பாதி தெரியும்" என்றார்.

வியாழன் காலை டீச்சர் புறப்பட்டு வாசலுக்கு வந்தபோது பாதி சார் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"மீட்டிங்?"

"ரெட்யூஸ் பண்ணிட்டேன்."

டீச்சர் கையிலிருந்த பையை அவரிடம் கொடுத்தார்.

மருத்துவமனையில் ஒரு படிவம் தந்தார்கள். உடன் வந்தவர் பெயர், உறவு, கையெழுத்து. அதற்கு மேலே ஒரு வரி: நோயாளியின் சிரமம், சுருக்கமாக. இரண்டு விரல் அகலத்தில் ஒரு கோடு. உலகத்தில் யாருக்காவது அந்தக் கோடு தாராளமாகப் போதுமானதாக இருக்கும் என்றால் அது பாதி சாருக்குத்தான். பேனாவைத் திறந்தார். வலது தோள் என்று எழுதினார். அதன் பக்கத்தில், எட்டு மாதமாக. அதன்பின் பலகையின் கீழ்ப்பாதி. வாளியை இடது கையால். கோடு முடிந்துவிட்டது. ஓரத்தில் அம்புக்குறி போட்டு மேலே போனார், மேலே இடமில்லாமல் பக்கவாட்டில் இறங்கினார், தாளைத் திருப்பிப் பின்பக்கம் தொடங்கினார். கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கு வந்திருந்தபோது நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது, இவ்வளவு எழுதுறீங்க? தோள் வலி. அவ்வளவுதானே."

பாதி சார் தலையை உயர்த்தி, நெடுநாள் தொடர்பில்லாத சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"இன்னொரு தாள் கிடைக்குமாம்மா?"

"தாளைக் குறைக்கச் சொல்லி ஆர்டர் சார்."

சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த டீச்சர் இடது கையை நீட்டிப் படிவத்தை வாங்கினார். முன்பக்கம், ஓரங்கள், பின்பக்கம் எல்லாம் படித்தார். தலைகீழாக எழுதியிருந்த இடத்தில் தாளைத் திருப்பிப் படித்தார். பிறகு கணவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பரவாயில்ல. பத்துக்கு அஞ்சு குடுக்கலாம்."

கதை இங்கே முடிந்தால் குறைப்பாளர் திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மருத்துவர் வேளைக்குப் பத்து முறை கையைத் தூக்கிவிடச் சொன்னார். பாதி சார் எட்டோடு நிறுத்தப் பார்க்கிறார். எண்ணுவது கணக்கு டீச்சர் என்பதால் நடக்கவில்லை. டீச்சர் வகுப்பில்தான் இருக்கிறார். இப்போது பலகையில் முக்கால் உயரம்வரை எழுதுகிறார். அலுவலகத்தில் ஒரு பெரிய சீர்திருத்தம் வந்திருக்கிறது. ஐந்து குறியீடுகளோடு ஆறாவதாக ஒன்றைப் பாதி சார் சேர்த்திருக்கிறார்: பிற. மனிதரின் மற்ற எல்லாத் துயரங்களும் அதற்குள் அடங்கும். ஆறு என்று எழுதினால் போதும். தபால் பிரிக்கும் அம்மா மட்டும் அவற்றைத் தனிக் கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார். இயந்திரத்தில் போடச் சொல்லி இன்னும் உத்தரவு வரவில்லை.

நர்ஸ், முதல் மருத்துவர், பாதி சார். இனத்துக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் இவ்வளவு பொறுமையாகக் கடைசிவரை வந்த நீங்கள் அந்தப் பட்டியலில் இருக்க முடியாது என்றுதான் தோன்றுகிறது. என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால், ஒரு ஆள் பெண்டாட்டி பேச்சைக் கேக்கல, அப்புறம் கேட்டான், அவ்வளவுதான் என்று நீங்கள் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பிழை ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள். நீங்களும் தலை நிமிராமல், "ம், சரி" என்றீர்கள்.

என்ன சொன்னார்கள்?